முப்பத்து நான்கு கிட்டார்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பது ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் சேர்த்து வருகிறேன். இன்றைய கணக்குக்கு 34 கிட்டார், 11 ஆம்ப். நான் மேடையேறி வாசிப்பவன் இல்லை. ஓரளவு வாசிப்பேன், அவ்வளவுதான். வேறு பெரிய செலவு எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக வாங்கியவை இவை. சில, பாதி உடைந்த நிலையில் வந்து நானே சரிசெய்தவை.

போன மாதம் முதல்முறையாக எல்லாவற்றையும் ஒரே அறையில் கொண்டுவந்து, சுவரில் கொக்கி அடித்து மாட்டி, நண்பர்களைக் கூப்பிட்டேன். அன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். வந்தவர்கள் வண்ணங்களைப் பார்த்து வியந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கிளம்பும்போது ஒருவர், “இத்தனையையும் எப்போது வாசிப்பீர்கள்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?” என்றார். இன்னொருவர் என் காதுபடவே, “பணம் இருந்தால் பந்தா பண்ணலாம்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இசைக்கருவிகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்திருப்பதால் கேட்கிறேன். சேர்த்ததை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்படுவது தவறா? பாதியை விற்றுவிடுவதுதான் சரியா?

ர.

அன்புள்ள ர.,

தவறே இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் தேடித்தேடிச் சேர்த்த ஒருவர் அதைப் பூட்டி வைத்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பந்தா என்று சொன்னவரை விட்டுவிடுங்கள். ஆனால் “எல்லாம் ஒரே மாதிரிதானே” என்று கேட்டாரே, அவர் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறார். அவருக்கு நீங்கள் காட்டியதை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானது.

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டார்கள் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே சிறு விளக்கு. ஆம்புகள் கீழே, நிழலில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டின்மேல் துணி மூடியிருக்கிறது. ஒன்றில்கூட ஒயர் செருகியிருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் விருந்தினர்கள் அரை மணி நேரத்தில் சலித்துப்போனதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய யாழின் உறுப்புகளில் பத்தர் என்று ஒன்று உண்டு. நரம்பின் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கித் தரும் வயிறு அது. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி. எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்தப் பத்தரைக் கழற்றி எடுத்து, ஒரு ஒயரின் மறுமுனையில், அறையின் மூலையில் வைத்துவிட்டார்கள். அதுதான் ஆம்ப். அதை இசைக்கருவிக்கு வெளியே இருக்கும் துணைச்சாமானாக நினைப்பது பெரிய பிழை. கருவியின் பாதி அதுதான். நீங்கள் சுவரில் மாட்டி வைத்தது 34 பாதிகளை.

1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் கொண்டுவந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பாருங்கள். முழுக்க வார்ப்பு அலுமினியம். நீளமான கைப்பிடி, முனையில் சிறு வட்டம். அதனால் அதற்கு ‘வறுவல் சட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது. எதிரொலிக்கிற வயிறு அதில் இல்லை, தேவையும் படவில்லை. காந்தத்தின் அருகே உருக்குத் தந்தி அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மிகச்சிறிய மின் அலை பிறக்கிறது. இன்றைக்கும் பிக்கப் என்றால் இதுதான். தலைமுடி அளவே தடிமன் உள்ள செம்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அப்படியும் அதிலிருந்து வரும் மின் அலையால் ஒரு ஸ்பீக்கரை அசைக்க முடியாது. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950இல் கிட்டத்தட்ட ஒரு பலகையையே கிட்டாராக விற்கத் துணிந்தார் என்றால், மிச்ச வேலையை ஆம்ப் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அவர் முதலில் ரேடியோ பழுது பார்த்தவர். பிறகு ஆம்ப் செய்தவர்.

உங்கள் சேகரிப்பில் கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் வகைக் கிட்டார் மூன்று இருக்கின்றன. அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். 1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் நிறத்தில் (நடுவில் வெளிர்ந்து விளிம்பில் கருத்து) வந்த லெஸ் பால்களை இன்றைய சேகரிப்பாளர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவை வெளிவந்த காலத்தில் சரியாக விற்கவில்லை. கிப்ஸன் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு 1961இல் இரண்டு கொம்புள்ள மெல்லிய உடலுக்கு மாறிவிட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், பேஸ் கிட்டாருக்காக ஃபெண்டர் செய்த பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை எடுத்து, தங்கள் கைக்குக் கிடைத்த பாகங்களையும் வேறு ஸ்பீக்கர்களையும் வைத்து ஓர் ஆம்ப் செய்தார்கள். ஒலியை உயர்த்தினால் அது சீக்கிரமே தடித்துக் கரகரக்கத் தொடங்கும். 1966இல் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை அந்த மார்ஷல் ஆம்பில் செருகி, ஸ்டுடியோவுக்குள்ளேயே சத்தத்தைக் குறைக்க மறுத்து வாசித்தார். கேட்டவர்கள் அந்தக் கிட்டாரைத் தேடி அலைய ஆரம்பித்தார்கள். 1968இல் கிப்ஸன் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நிறுத்தப்பட்ட ஒரு கிட்டாரை உயிர்ப்பித்ததில் பெரும்பங்கு, கடல்கடந்து பிறந்த ஓர் ஆம்புக்கு உண்டு. இரண்டும் சேர்ந்த பிறகுதான் அந்தக் கருவி முழுமையாகப் பிறந்தது என்றே நான் சொல்வேன்.

சரி, இதை விருந்தினருக்கு எப்படிக் காட்டுவது?

பல வருடங்களுக்கு முன்னால் என்னைவிட வயதில் மூத்த ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் அறுபதுக்கு மேல் இருந்தன. உள்ளே நுழைந்தால் சுவர் வெறுமையாக இருந்தது. எல்லாம் பெட்டிகளுக்குள். எனக்கு ஏமாற்றம்தான். ஒரு நாற்காலியைக் காட்டி, “முதுகைக் காட்டி உட்காருங்கள்” என்றார். பின்னால் ஆம்ப் சூடாகும் மெல்லிய முனகல் கேட்டது. ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்கை வாசித்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல அத்தனை துல்லியம். பிறகு அதையே மறுபடி வாசித்தார். இம்முறை தடித்து, உருண்டு, ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததின்மேல் சாய்ந்துகொண்டு வந்தது. மூன்றாவது முறை லேசான உடைசல், அழுகைக்கு முந்தைய குரல் மாதிரி. நான்காவதில் அதே குரல் தெளிந்து தூரத்துக்குப் போய்விட்டது. “எத்தனை கிட்டார்?” என்று கேட்டார். நான்கு என்றேன். திரும்பிப் பார்க்கச் சொன்னார். இரண்டுதான். ஆம்பும் இரண்டு. நான்காவது முறை கிட்டாரையும் மாற்றவில்லை, ஆம்பையும் மாற்றவில்லை. கிட்டாரில் இருக்கும் ஒலிக்குமிழைக் கொஞ்சம் திருகியிருக்கிறார், அவ்வளவுதான். ஆம்பை உயர்த்தி வைத்துவிட்டுக் கிட்டாரில் குறைத்தால், ஆம்பில் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயான வால்வுக்குப் போகும் மின் அலை சிறிதாகி உடைசல் தெளிந்துவிடும். இதை எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்றைக்கு அவர் காட்டியது மொத்தம் மூன்று கிட்டார். மூன்றையும் என் கையில் தந்தார். மிச்ச ஐம்பத்துச் சொச்சத்தை நான் கேட்கவே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஐந்து ஸ்வரங்கள்தான் காதில் இருந்தன.

உங்கள் நண்பரை இன்னொரு முறை கூப்பிடுங்கள். சுவர் விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டர், ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்கப் உள்ள ஒரு லெஸ் பால், இரண்டு ஆம்ப், இது போதும். முதலில் வாசிக்கவே வேண்டாம், டெலிகாஸ்டரைச் செருகிச் சும்மா நில்லுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். அறையின் மின்சாரத்தைக் காயில் வாங்கிக்கொள்கிறது என்று சொல்லுங்கள். பிறகு லெஸ் பாலைச் செருகுங்கள், இரைச்சல் அடங்கிவிடும். கிப்ஸனில் வேலை செய்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில், எதிரெதிர் முனை கொண்ட காந்தங்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடிக்கொள்ளும். கூடவே குரலும் தடித்துவிடும். இதற்கெல்லாம் இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். அப்புறம் இரண்டையும் அவர் கையில் கொடுத்துத் தந்தியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெலிகாஸ்டரின் தந்தி நீளம் இருபத்தைந்தரை அங்குலம், லெஸ் பால் இருபத்து நாலே முக்கால். அந்த முக்கால் அங்குலக் குறைவில் தந்தி எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்பது விரலுக்கு உடனே தெரியும். ஒரே மாதிரி என்று அவர் மறுபடி சொல்லமாட்டார்.

தயாரித்த வருடம், வரிசை எண், எப்படிக் கிடைத்தது போன்ற கதைகளை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். என்ன விலை என்பதைக் கேட்டாலும் கடைசியில் சொல்லுங்கள். விலை காதில் விழுந்த பிறகு யாரும் ஒலியைக் கேட்பதில்லை. நூறு வாட் ஆம்பை அறைக்குள் திறக்கவேண்டாம். ஐம்பது வாட்டோடு ஒப்பிட்டால் அது மூன்று டெசிபல்தான் அதிகம். இரண்டுமே வீட்டுக்குள் காதுக்குக் கேடு. ஐந்து வாட் சின்ன ஆம்ப் ஒன்று உங்கள் படத்தில் தெரிகிறது. வீட்டுக்குள் அதுவே போதும்.

துணி மூடிய அந்த இரண்டு ஆம்புகளைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. என்னிடம் ஒரு வால்வு ஆம்ப் ஒன்பது வருடம் பெட்டியில் கிடந்தது. ஒரு நாள் ஆசையாக எடுத்து நேராகச் சுவிட்சைப் போட்டேன். அடித்தொண்டையில் ஒரு உறுமல், பிறகு கருகும் வாசம். உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் ஓட்டம் இல்லாமல் கிடந்தால் கெட்டுப்போகும். ஒன்று வெடித்து, அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது. புதிதாகப் போட்டதில் அந்தப் பழைய குரல் வரவில்லை. அந்த ஆம்பை நான் கொன்றுவிட்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன். நீண்ட நாள் கிடந்த ஆம்பை, தெரிந்த ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டவும் கூடாது. இன்னொன்று, உங்கள் சுவர்க் கொக்கிகளில் கறுப்பு ரப்பர் உறை போட்டிருக்கிறீர்கள். பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை சிலவகை ரப்பர் உருக்கிவிடும். இன்றைக்கே ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.

விற்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963இல், பதினாறு வயதில், தன் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய ஒரே கிட்டாரை, பழைய கணப்படுப்பின் மரத்தில் கழுத்து செதுக்கிய அந்தக் கிட்டாரை, வாக்ஸ் ஏசி30 ஆம்புகளோடு வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார். பிங்க் ஃபிளாய்ட் குழுவில் வாசித்த டேவிட் கில்மோர் 2019இல் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கிட்டார்களை, முதலில் பொதுமக்கள் வந்து பார்க்கக் காட்சிக்கு வைத்து, பிறகு ஏலம் விட்டு, பணத்தைப் பூமியின் சூழலுக்காகச் சட்டவழியில் போராடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். இரண்டு பேர்மீதும் எனக்கு ஒரே அளவு மரியாதை. எண்ணிக்கையை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

விற்கவேண்டாம் என்பதே என் எண்ணம், இப்போதைக்கு. ஒரு வருடம் வாரத்துக்கு ஒன்று எடுத்து, 11 ஆம்புகளிலும் செருகிப் பாருங்கள். அதற்குப் பொருந்தும் பத்தர் எது என்று குறித்து வையுங்கள். எந்த ஆம்பிலும் உங்களோடு பேசாத கிட்டார் இருந்தால், வாசிக்கத் துடிக்கும் இளையவர் யாருக்காவது ஆறு மாதம் இரவல் கொடுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும்போது அது வேறு கிட்டாராக இருக்கும்.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக ஒரு வெளிர்மஞ்சள் கிட்டார். மற்றதெல்லாம் பளபளக்க, அதில் மட்டும் கை ஊன்றும் விளிம்பில் பூச்சு தேய்ந்து மரம் தெரிகிறது. அதை நீங்கள் எந்த ஆம்பில் வாசிக்கிறீர்கள்? எழுதுங்கள்.