டிராக்டர் டயருக்குள் எதை நிரப்புவது?

கேள்வி: ஐயா, புதுவயல் பக்கம் எங்கள் ஊர். 45 ஹெச்.பி. டிராக்டர் வைத்திருக்கிறேன், பின் டயர் 13.6-28. ஆடி, ஆவணியில் புழுதி உழவு. மற்ற நாட்களில் டிரெய்லரில் தைலமரக் கட்டை ஏற்றுகிறேன். 9 கொத்துக் கலப்பையை இறக்கினால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. டயருக்குள் தண்ணீர் நிரப்பினால் சரியாகும் என்கிறார்கள். கடையில் கேட்டால், வெறும் தண்ணீர் வேண்டாம், கால்சியம் குளோரைடு கரைசல்தான் நல்ல வெயிட் தரும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: கரைசல் உங்களுக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் குளோரைடு டயருக்குள் போனதற்குக் காரணமே குளிர்தான். பனி பெய்யும் நாடுகளில் டயருக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடும். அது உறையாமல் இருக்கத்தான் அங்கே இந்த உப்பைக் கலந்தார்கள். அதனால் எடை கொஞ்சம் கூடுவது உண்மை. 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ என்றால், அதே அளவு கெட்டியான கரைசல் 250 கிலோவைத் தொடும். ஆனால் அந்த 50 கிலோவுக்காக ரிம்மைப் பணயம் வைக்க வேண்டும். இது இரும்பை அரிக்கிற உப்பு. டியூப் நன்றாக இருக்கும்வரை வெளியே தெரியாது. ஒரு முள் ஏறி, கரைசல் கசிந்து, டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் தேங்கிவிட்டால் வால்வு ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கத் தொடங்கிவிடும். சீமைக்கருவேல முள் ஏறாத டயர் நம் சிவகங்கைச் சீமையில் ஏது? காரைக்குடியில் எந்த மார்கழியிலும் தண்ணீர் உறையப் போவதில்லை. அப்புறம் எதற்கு இந்த உப்பு? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ரேடியேட்டர் கூலண்ட்டை ஊற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிக்கும், அதே சமயம் விஷம். கசிந்து தேங்கினால் ஆடு, மாடு, நாய் நக்கிவிடும்.

சரி, வெறும் தண்ணீராவது நிரப்பலாமா? அதற்கு முன்னால் வயலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை, கூட ஓர் ஆள் இருந்தால் போதும். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, வழக்கமான கியரில் உழுங்கள். கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, சக்கரம் 10 சுற்று முடிந்த இடத்தில் இன்னொரு குச்சி நடச் சொல்லுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே கியரில், பக்கத்திலேயே உழாத தரையில் அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். 9 சுற்று வந்தால் வழுக்கல் 10 சதவீதம். எட்டரை வந்தால் 15 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வண்டியின் எடை சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் சேர்க்க வேண்டாம். 8 சுற்றோ அதற்கும் குறைவோ வந்தால் டீசலும் டயர் கட்டையும் வீணாகத் தேய்கின்றன என்று அர்த்தம். ஒன்பதரைக்கு மேல் வந்தால் வண்டி ஏற்கனவே கனம். இன்னும் ஏற்றினால் மண்தான் இறுகும். செம்மண் புஞ்சை ஒருமுறை இறுகிவிட்டால் அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பின் டயரின் கட்டை தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தால் எவ்வளவு எடை ஏற்றினாலும் பிடிப்பு வராது. காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். டிரெய்லருக்காக அடித்த காற்றோடு அப்படியே உழவுக்கு இறங்குவது நம் பக்கம் எல்லோரும் செய்கிற வேலை. வயலுக்குப் பொதுவாக 12 முதல் 14 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறக்கிவிட்டு, சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். அதிலேயே தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் தண்ணீர் நிரப்புங்கள். உங்கள் அளவு டயரில் முக்கால் பங்கு என்றால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். வண்டியை ஜாக்கியில் லேசாகத் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, காற்றை முழுவதும் இறக்கி, வால்வு ஊசியைக் கழற்றி, மேல்தொட்டியில் இருந்து ஹோஸ் போட்டால் தண்ணீர் தானாக இறங்கும். இடையிடையே ஹோஸை எடுத்து உள்ளே அடைபட்ட காற்றை விட வேண்டும். ஹோஸை எடுத்ததும் வால்வு வழியே தண்ணீர் வழிந்தால் முக்கால் அளவு வந்துவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். மீதிக் கால் பங்கு காற்றுக்கு. முழுக்க நிரப்பிவிட்டால் மெத்தை இல்லாமல் போய், வரப்பில் ஏறி இறங்கும் ஒவ்வோர் அடியும் ரிம்மிலும் ஆக்ஸிலிலும் நேராக விழும். கடைசியில் ஊசியைப் போட்டுக் காற்றடியுங்கள். சில போர்களில் தண்ணீர் உப்பாக இருக்கும், அது வேண்டாம். கண்மாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கடையில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டியூப்பில் இருப்பது காற்று, தண்ணீர் இரண்டுக்கும் ஆன வால்வா? காற்று பார்க்க அவர்களிடம் தண்ணீர் தாங்கும் கேஜ் இருக்கிறதா? சாதாரண கேஜுக்குள் தண்ணீர் போனால் கேஜ் கெட்டுவிடும்.

இதில் உள்ள தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் ஆனால் வேலை இரட்டிப்பு. வால்வைக் கீழே கொண்டுவந்து தண்ணீரை வடிக்காமல் சக்கரத்தைக் கழற்றவே கூடாது. வழக்கமான எடையோடு இன்னொரு 200 கிலோ சேர்ந்த சக்கரம் ஆள் மேல் சாய்ந்தால் தாங்காது. வடித்த பிறகும் டியூப் நன்றாகக் காய்ந்தால்தான் ஒட்டு நிற்கும். பஞ்சர் கடைக்காரர் கூடுதல் கூலி கேட்டால் அது நியாயமான கூலி.

உங்களுக்குக் கண்மாய்ப் பாசன நஞ்சையும் இருந்து, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவும் செய்வீர்கள் என்றால் என் யோசனை வேறு. சேற்றில் எடை எதிரி, வண்டி புதையும். ஒவ்வொரு பருவத்துக்கும் தண்ணீரை நிரப்பி வடித்துக்கொண்டிருக்க முடியாது. சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் வார்ப்பிரும்பு வெயிட் வாங்குவதே நல்லது. தண்ணீரைவிடச் செலவுதான், ஆனாலும் வேண்டாதபோது கழற்றி வைக்கலாம், பின்னால் விற்கவும் செய்யலாம். பழைய வெயிட் வாங்கினால் ஓட்டைகள் உங்கள் மாடலின் சக்கரத்தோடு பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். அதன் கத்திகளே வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

கேள்வி: தேவகோட்டையில் ஒரு பழைய டிராக்டர் பார்த்திருக்கிறேன். பின் டயரில் ஏதோ நிரப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். என்ன நிரப்பியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வால்வு கீழே வரும்படி வண்டியை நிறுத்தி, ஊசியை ஒரு குச்சியால் லேசாக அழுத்துங்கள். தண்ணீர் இருந்தால் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து சொட்டை ஒரு கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் வையுங்கள். நல்ல தண்ணீர் என்றால் காய்ந்து, லேசான தடம் மட்டும் இருக்கும். தடிமனாக வெள்ளை பூத்தால் சாப்பாட்டு உப்பு கலந்திருக்கிறார்கள். காயவே காயாமல் பிசுபிசுப்பாக நின்றால் கால்சியம் குளோரைடு. அது காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். உப்பு என்று தெரிந்தால் டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளியே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், வால்வு ஓட்டை ஓரத்தில் விரலால் சுரண்டினால் விஷயம் தெரியும். காட்ட மாட்டேன் என்றால் புது ரிம் இரண்டின் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: கட்டை ஏற்றிய டிரெய்லரோடு கண்மாய்க் கரை ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் நிற்குமா?

பதில்: நிற்காது. அந்த எடை பின் ஆக்ஸிலின் மேலேயே உட்காருகிறது, முன்பக்கத்தை அழுத்தாது. பிடிப்பு கூடுவதால் இழுவை கூடி, இன்னும் தூக்கவும் வாய்ப்பு உண்டு. முன் பம்பரில் மாட்டும் வெயிட் போடுங்கள். கட்டையை டிரெய்லரின் முன்பக்கமாகவே குவித்து ஏற்றியிருந்தால் அதைப் பரவலாக்குங்கள், பாரத்தையும் குறையுங்கள். டிரெய்லரைக் கொக்கியில் அதற்குரிய உயரத்தில் மட்டும் மாட்டுங்கள். உயரமான இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பதால் வண்டி பின்னால் மல்லாந்து ஆள் இறந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: புது டயர், டியூப் வாங்கி, அந்தக் கடையிலேயே தண்ணீர் நிரப்பினேன். பத்து நாளில் வால்வு அடியில் கசிவு. தண்ணீர் நிரப்பினால் வாரண்டி கிடையாது என்கிறார்கள்.

பதில்: நிரப்பியதே அவர்கள்தானே. வாரண்டி அட்டையில் அப்படி ஒரு நிபந்தனை அச்சாகியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இருந்தால், தெரிந்துகொண்டே ஏன் நிரப்பினார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். பில்லில் டியூப்பின் விவரமும் தண்ணீர் நிரப்பிய கூலியும் தனித்தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே எழுதி வாங்குங்கள். கசிவு தெரியும்படி போட்டோவும் எடுத்து வையுங்கள். அதே பில்லில் வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் பின் டயருக்கும் டியூப்புக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். டிராக்டர் தொழிலுக்கான வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று கடைத் தரப்பில் வாதிடுவார்கள். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. மனுவில் அந்த வரியை மறக்காமல் சேருங்கள்.