நரியின் கண் ஏன் பல்பு மாதிரி எரிகிறது?

கேள்வி: எங்கள் பின்தோட்டத்துக்கு இரவு பதினொரு மணிவாக்கில் ஒரு நரி வருகிறது. பிளாஷ் போட்டு எடுத்தால் கண் இரண்டும் பல்பு மாதிரி எரிகின்றன. உடம்பு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்? பிளாஷால் அதன் கண் கெடுமா?
– ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: குற்றம் நரி மேல் இல்லை, பிளாஷ் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். நரியின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் உண்டு. வந்த வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். பிளாஷ் கேமராவின் தலையிலேயே இருந்தால், திரும்புகிற வெளிச்சம் நேரே லென்ஸில் விழும். அதைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு மீட்டர் பக்கவாட்டில், ஆள் உயரத்தில் வையுங்கள். கம்பியில்லாமல் கேமராவிலிருந்து பிளாஷை இயக்கும் ரேடியோ டிரிக்கர் ஒன்று போதும். கண் அடங்கிவிடும், ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

லண்டனில் இருந்த நாளில் நானும் சமையலறைக் கதவிடுக்கில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதே வேலையைச் செய்தவன்தான். முதல் மூன்று இரவும் படமே எடுக்கவில்லை, வெறும் ஸ்டாண்டை மட்டும் நட்டுவைத்தேன். முதல் நாள் நரி தூர நின்று சுற்றிப்போனது. இரண்டாம் நாள் மோந்து பார்த்துவிட்டு, ஸ்டாண்டின் காலில் மூத்திரம் பெய்தது. மூன்றாம் நாள் திரும்பியே பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிளாஷை மாட்டினேன். (அந்த நாற்றம் இரண்டு மாதம் போகவில்லை. வீட்டில் எனக்குக் கிடைத்த வசவு தனிக்கதை.)

நரி நுழையும் வேலி ஓட்டைக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே மேனுவலில் போகஸ் செய்துவிடுங்கள். அப்புறம் லென்ஸைத் தொடாதீர்கள். செங்கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 800, பிளாஷ் முழுச் சக்தியில் 1/16 என்று தொடங்கலாம். இன்னும் வெளுத்தால் பிளாஷை நரியிடமிருந்து தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும். பின்னால் தெருவிளக்கின் மஞ்சளும் வேண்டுமென்றால் ஷட்டரை 1/15க்கு இறக்கலாம். நரி அசைந்தால் பேய்போல் இரட்டை உருவம் விழும். சில நேரம் அதுவே அழகு.

கண் கெட்ட நரி எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் இருட்டில் பழகிய கண் கூசும். ஒரு வருகைக்கு மூன்று படத்தோடு நிறுத்துங்கள். அங்கே மார்ச் வாக்கில் குட்டி போடும். வளைப் பக்கம் பிளாஷே வேண்டாம். கோழிக்கறி வைத்துக் கூப்பிடவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத்தான் திட்டுவார்.

கேள்வி: எங்கள் ஊர்க் குள்ளநரியையும் இப்படி எடுக்கலாமா?
– ஒரு வாசகர், வாழப்பாடி

பதில்: பொங்கலுக்கு வழக்கமென்று வங்காநரி (உங்கள் குள்ளநரிதான்) பிடிப்பவர்கள் மேல் வனத்துறை வழக்குப் போடும் ஊர் உங்களுடையது, என்னைக் கேட்கிறீர்களே! அனுமதியில்லாமல் இரவில் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். குள்ளநரி அந்தியிலேயே வளையைவிட்டு வெளியே வரும். கரம்பு நிலத்தில் தள்ளி உட்கார்ந்து, நீள லென்ஸில், இருக்கிற வெளிச்சத்திலேயே எடுங்கள். வால் நுனி கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், குள்ளநரியின் அடையாளம் அது.