தூங்காத மூளையை எழுப்ப ஒரு வகுப்பா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வலது கைக்காரன். இடது கையாலும் எழுதப் பழக்கினால், தூங்கிக் கிடக்கும் வலது மூளை விழித்துக்கொள்ளும் என்று இங்கே ஒரு பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். கட்டணம்தான் கொஞ்சம் அதிகம். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். வலது மூளை தூங்கியிருந்தால், உங்கள் மகன் காலையில் சட்டைப் பட்டன் போட்டிருக்க முடியாது.

மூளையிலிருந்து கைக்கு இறங்கும் முக்கிய நரம்பு இழைகளில் 10க்கு சுமார் 9, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் இடது கையை வலது மூளையும் வலது கையை இடது மூளையும் ஆட்டுவிக்கின்றன. விளம்பரக்காரர்கள் படித்தது இதுவரைதான். மீதிக் கதைதான் ருசியானது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூகோ லீப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், இடது மூளை பாதித்து வலது கை செயலிழந்தவர்களைச் சோதித்தார். அவர்களில் பலருக்கு, முடங்காத இடது கையாலும் டாட்டா காட்டுவது போன்ற சைகைகளைச் சரியாகச் செய்ய வரவில்லை. வலது மூளை பாதித்தவர்களிடம் இந்தக் கோளாறு அரிது. பழகிய கைவேலையை எப்படிச் செய்வது என்ற திட்டம், வலது கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு, இரண்டு கைக்குமாகவே இடது மூளையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. அப்புறம், உங்கள் மகன் இடது கையால் எழுதினால் வலது மூளை மட்டும் தனியாக எப்படி விழிக்கும்?

இரண்டு பாதிகளும் சுமார் 20 கோடி இழைகள் கொண்ட ஒரு நரம்புப் பாலத்தின் வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஒரு கையால் வட்டமும் மறு கையால் சதுரமும் ஒரே நேரத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள். வட்டத்துக்கு மூலை முளைக்கும், சதுரம் உருண்டுபோகும். கடும் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சையில் அந்தப் பாலத்தை வெட்டிக்கொண்ட நோயாளிகள் இதைச் சிரமமின்றி வரைந்தார்கள். (வகுப்பு நடத்துபவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்!) ஆனால் இரு கையும் ஒத்துழைக்க வேண்டிய புது வேலையைக் கற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களைப் பாருங்கள்: ஒரு கை பூவை அடுக்கிப் பிடிக்க, மறு கை நாரைச் சுற்றி முடிச்சிடும். எந்த வகுப்பில் எழுப்பினார்கள் அவர்கள் மூளையை?

இடது கையால் எழுதுவது கெடுதல் இல்லை. விளையாட்டாக எழுதட்டும், காசு எதற்கு? ஆனால் ஒரு கை மட்டும் பலவீனமாகவோ விறைப்பாகவோ தெரிந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.