குட்டி யூ-பேஸுக்கு ரப்பர் தந்தியா, உலோகத் தந்தியா?

சுமார் 21 அங்குலத் தந்தி நீளமுள்ள யூ-பேஸுக்கு, அதாவது யூகுலேலே அளவிலான குட்டி பேஸ் கிட்டாருக்கு, ரப்பர் போன்ற பாலியூரித்தேன் தந்தி நல்லதா, உலோகச் சுற்றுத் தந்தி நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பகுதியை, பாருங்கள். தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பீஸோ (அதிர்வின் அழுத்தத்தை உணரும் பிக்கப்) இருந்தால் இரண்டுமே ஒலிக்கும். காந்த பிக்கப் என்றால் பாலியூரித்தேன் ஊமைதான்; காந்தத்துக்கு எஃகோ நிக்கலோ அசைய வேண்டும்.

வழக்கமான பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் 34 அங்குலம். அதே கீழ் 'ஈ' சுரத்தை இவ்வளவு குட்டைத் தந்தியில் எழுப்ப, தந்தி பருத்தும் தளர்ந்தும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ரப்பர் போன்ற அந்தத் தடித்த தந்தி. தட்டினால், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸைப் போல 'தும்' என்று உருண்டு விழும். தொல்லையும் உண்டு. புதிதாக மாட்டியதும் நீண்டுகொண்டே போகும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். விரல் வேறு ஒட்டிக்கொள்ளும். நான் தபலாக்காரரைப் போல பவுடர் தொட்டுக்கொள்கிறேன்.

உலோகத் தந்தி சுருதியில் நிற்கும், ஒவ்வொரு சுரமும் துலக்கமாகக் கேட்கும். ஆனால் அது மெல்லியது. கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் துண்டுக்கு நட் என்று பெயர்; ரப்பருக்காக அகலமாக வெட்டிய அந்த நட்டின் பள்ளத்தில் ஆடி இரையும். நட்டையும் மாற்றியாக வேண்டும். யூ-பேஸுக்கென்றே செய்த உலோகத் தந்தியை மட்டும் வாங்குங்கள். பெரிய பேஸின் தந்தியை வெட்டி மாட்டினால் தொளதொளவென்று தொங்கும். என்னுடையதில் இன்னும் ரப்பர்தான்.