ஆபீஸுக்கு 650 சிசி வண்டி: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கிழக்கு தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 35 கிலோமீட்டர். ஆறு வருடமாக ஹோண்டா ஷைன் 125 ஓட்டுகிறேன். ஒரு குறையும் இல்லை, ஆனால் சலித்துவிட்டது. பெரிய வண்டி வாங்க வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்தே ஆசை. இப்போதுதான் கையில் பணம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கேடிஎம் 390 டியூக் இரண்டில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். நண்பர்கள் டிரையம்ப் ஸ்பீடு 400 பார்க்கச் சொல்கிறார்கள். என் உயரம் 165 செ.மீ., எடை 64 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு மகாபலிபுரம், மாதம் ஒருமுறை ஏலகிரி போகும் எண்ணம் உண்டு. பழைய வண்டியை நாற்பதாயிரத்துக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? டிராஃபிக்கில் பெரிய வண்டி சூடாகும் என்கிறார்களே, எந்த அளவுக்கு உண்மை?

பிரகாஷ்,
கிழக்கு தாம்பரம்

அன்புள்ள பிரகாஷ்,

பழைய வண்டியைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வழியில் என்ன வேகம் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், பிறகு மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்துச் சுருங்கிய சாலை. காலை ஒன்பது மணிக்கு 15 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள்தான் ஓடும். சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க ஒரு வண்டிக்கு இரண்டு குதிரைத்திறன் போதும். 100 கி.மீ. வேகத்துக்கே பத்துப் பன்னிரண்டுதான் செலவாகும். இன்டர்செப்டரில் 47 இருக்கிறது, டியூக்கில் 46. உங்கள் ஷைனில் இருக்கும் பத்துச் சொச்சமே அந்தச் சாலைக்கு மிச்சம். ஆகவே பவர் எண்களை வைத்து இந்த வண்டிகளை ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது. 2,000 முதல் 3,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது, நின்று நின்று போகும்போது சூடு எங்கே வருகிறது, கால் ஊன்றி நகர்த்த எடை எவ்வளவு: இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சின். டியூக்கும் ஸ்பீடு 400-ம் ஒற்றை சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் வெடிக்கிறது. 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 20 உதை. சிலிண்டர் பெரிதாக இருப்பதால் ஒவ்வொரு உதையும் பலமாக இருக்கும், இடைவெளியும் நீளமாக இருக்கும். அந்த இடைவெளியில் செயின் தளர்ந்து, அடுத்த உதையில் இழுபடுகிறது. மூன்றாவது கியரில் 25 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரைத் திறந்தால் வண்டி 'டக் டக்' என்று வெட்டுவது இதனால்தான். டியூக்கின் எஞ்சின் மேல் ஆர்பிஎம்முக்காகச் செய்யப்பட்டது. 39 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் இழுவிசை, 6,500-இல்தான் முழுதாக வருகிறது; 3,000-க்குக் கீழே அதற்கு இருப்புக் கொள்ளாது. ஸ்பீடு 400-இன் உச்ச டார்க்கும் 37.5, அதே 6,500-இல். ஆனால் அதன் எஞ்சின் கீழேயே கணிசமாக இழுக்கும் வகையில் ட்யூன் செய்யப்பட்டிருப்பதால் மூன்றாவது கியரில் ஊர்ந்து போவது எளிது. ஆக, காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் செம்பாக்கம் சிக்னலில் ஒன்றாக இருக்காது.

இன்டர்செப்டருக்கு இரண்டு சிலிண்டர். 2,000 ஆர்பிஎம்மில்கூட வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும், மூன்றாவது கியரிலேயே பாதி ஊரைக் கடக்கலாம். எஞ்சினை மட்டும் பார்த்தால் டிராஃபிக்குக்கு இந்த மூன்றில் அதுதான் சுகம். கஷ்டமெல்லாம் எஞ்சினுக்கு வெளியே. பெட்ரோல் நிரப்பினால் வண்டி ஏறத்தாழ 217 கிலோ. உங்கள் ஷைன் 115 கிலோவைத் தாண்டாது. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து கி.மீ. வேகத்தில், பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஒதுங்க, இடது கால் பள்ளத்தில் இறங்கும் அந்த நொடியில்தான் தெரியும். சீட் உயரம் 804 மி.மீ.; சீட் அகலமானது என்பதால் தொடை விரிந்து, 165 செ.மீ. உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகப் பதியாது. டியூக்கின் சீட் 820 மி.மீ. உயரம், ஆனால் முன்பக்கம் குறுகலானது, எடையும் 170 கிலோவுக்குள். நுனிக்காலில் நின்றாலும் தாங்கிவிடலாம். ஸ்பீடு 400 180 கிலோவுக்குள், சீட் 800 மி.மீ. அளவில். உங்கள் உடல்வாகுக்கு நடுவில் நிற்பது அதுதான். ராயல் என்ஃபீல்டு கெரில்லா 450-ஐயும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சீட் 780 மி.மீ.தான், எடை 185 கிலோ, 40 குதிரைத்திறன்.

சூடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி அல்ல. டியூக், ஸ்பீடு, கெரில்லா மூன்றும் கூலண்ட் வண்டிகள், அதாவது எஞ்சினை ஒரு திரவம் குளிர்விக்கும். கூலண்ட் 100 டிகிரியை நெருங்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுழலும். அது தள்ளும் அனல்காற்று உங்கள் முழங்காலையும் கெண்டைக்காலையும் தடவிக்கொண்டு போகும். மே மாதத்தில் ஜீன்ஸ் போட்டிருந்தாலும் உறைக்கும். எஞ்சினுக்கு இதனால் கெடுதல் இல்லை. இன்டர்செப்டரைக் காற்றும் ஆயிலும் குளிர்விக்கின்றன. ஆயில் கூலர் உண்டு, ஃபேன் கிடையாது. வண்டி நகர்ந்தால்தான் அதற்குக் காற்று. இருபது நிமிடம் ஊர்ந்து போனால் சூடு எஞ்சினிலேயே தங்கி மெல்ல மேலே வரும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலில் எந்த வண்டியாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

கூலண்ட் வண்டி வாங்கினால் ஒரு வேலையை விடாமல் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டப்பாவில் கூலண்ட் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அதே வகைக் கூலண்டையே ஊற்றுங்கள். போர் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. உப்புப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது மீட்டரில் சூட்டின் கோடு ஏறிக்கொண்டே போய், ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனின் ஃப்யூஸ். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

டிராஃபிக்கில் பெரிய வண்டிகளில் முதலில் தேய்வது கிளட்ச். ஷைனில் இரண்டாவது கியரில் ஹாஃப் கிளட்ச் பிடித்தே ஊர்ந்து பழகியிருப்பீர்கள். அதே பழக்கம் 400 சிசியில் பிளேட்டைத் தின்றுவிடும். முதல் கியருக்கு வந்து, கிளட்சை முழுதாக விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். நின்றால் நியூட்ரல். லீவரில் கம்பெனி சொன்ன அளவு லூஸ் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். லூஸே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கும். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். ஆயில் விஷயத்தில் பைக் கிளட்சுக்கு ஏற்ற தரக்குறியான ஜாசோ எம்ஏ2 என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் அது வழுக்கத் தொடங்கும்.

செயின்: 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து லூப் அடிக்க வேண்டும், மழைக்காலத்தில் அதற்கு முன்பே. இன்டர்செப்டருக்கு சென்டர் ஸ்டாண்டு உண்டு. டியூக்குக்கும் ஸ்பீடுக்கும் இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு ஒன்று வாங்கிவிடுங்கள். செயின் தளர்ந்திருந்தால் முன்பு சொன்ன வெட்டு இரண்டு மடங்காகும். புது வண்டி வெட்டுகிறது என்று சர்வீஸுக்குப் போகும் பலருக்கு அங்கே செய்வது செயினை இழுத்துக் கட்டுவதுதான். இன்டர்செப்டர் எடுத்தால் அலாய் வீல் வகையாகப் பாருங்கள். கம்பி வீலில் ட்யூப் டயர். ஆணி குத்தினால் வீலையே கழற்ற வேண்டும், பெரும்பாக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு அதைச் செய்து தர ஆள் தேட வேண்டியிருக்கும். அலாய் வீலில் ட்யூப்லெஸ். அங்கேயே அடைத்துக்கொண்டு வீடு வரலாம்.

பணக் கணக்கில் 350 சிசி என்பது ஒரு எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117. வரி இதற்குத் தனி. மாதம் 24 நாள் ஓட்டினால் 840 கி.மீ. ஷைன் லிட்டருக்கு 55 கொடுத்தால் 15 லிட்டர் போதும். ஊருக்குள் 25 கொடுக்கும் 400 சிசிக்கு 34 லிட்டர், 21 கொடுக்கும் இன்டர்செப்டருக்கு 40 லிட்டர். டியூக், ஸ்பீடு வகை வண்டிகளின் பின் டயர் 150/60 அளவு, ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். வருடத்துக்குப் பத்தாயிரம் கி.மீ. ஓடும் உங்களுக்கு ஏறக்குறைய வருடம் ஒன்று வரும். ஷைனுக்கு டயர் வாங்கிய ஞாபகத்தில் பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

இந்தக் கோட்டுக்குக் கீழேயே பவர் வேண்டுமென்றால் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310 இருக்கிறது. 312 சிசி, 35.6 குதிரைத்திறன், 169 கிலோ. ஏலகிரியின் 14 கொண்டை ஊசிகளுக்கு அது தாராளம். அதுவும் மேல் ஆர்பிஎம்மில் விளையாடும் எஞ்சின்தான். ஊருக்குள் அர்பன் மோடில் வைத்து ஓட்டினால் ஆக்ஸிலேட்டர் அடக்கமாக இருக்கும்.

மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் சில இடங்களில் இரும்புத் தகடு போட்டு மூடியிருப்பார்கள். டிப்பர் லாரி சிந்திய மணல் வேறு. மழையில் தகட்டின் மேலும் வெள்ளைக் கோட்டின் மேலும் 40 குதிரைத்திறன் பின்சக்கரத்தைச் சுலபமாக வழுக்கவிடும். அதனால், சக்கரம் வழுக்கும்போது பவரைக் குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிற வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் க்விக் ஷிஃப்டருக்கு ஊருக்குள் வேலையே இல்லை. டியூக்கில் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் சூப்பர்மோட்டோ மோடை இந்தச் சாலையில் தொடாதீர்கள்.

டெஸ்ட் ரைடை ஷோரூம்காரர் காலை பதினோரு மணிக்குக் காலிச் சாலையில் இரண்டு கி.மீ. காட்டி முடிக்கப் பார்ப்பார். அதில் ஒன்றும் தெரியாது. மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள், இருபது நிமிடமாவது வேண்டும் என்று சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு, மெல்லத் திறந்து பாருங்கள். மூன்றாவதில் 30-இல் அதையே செய்யுங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி ஒரே வீச்சில் யூ டர்ன் எடுக்க முடிகிறதா? சூட்டில் நியூட்ரல் ஒரே தட்டில் விழுகிறதா? பிறகு இறங்கி, லேசான சரிவில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அலுவலக பார்க்கிங்கில் தினமும் இதைத்தான் செய்யப் போகிறீர்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். டியூக்கின் பின்சீட் சிறியது, உயரமானது. மகாபலிபுரம் வரை அதில் உட்காரச் சம்மதிப்பாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஷைன் விஷயம். நாற்பதாயிரம் உங்கள் புது வண்டியின் விலையில் பெரிய பங்கு ஆகாது. ஆனால் அந்த வண்டி வாரத்தில் நான்கு நாள் ஓடினால் டயர், பெட்ரோல், கிளட்ச் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கும். இன்டர்செப்டர்தான் மனதில் நிற்கிறது என்றால் அதை எடுங்கள், தவறே இல்லை. ஷைனையும் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கும் வார இறுதிக்கும் இன்டர்செப்டரை ஓட்டுங்கள். ஒரே வண்டிதான் வைக்க இடம் இருக்கிறது, தினமும் அதில்தான் போக வேண்டும் என்றால் ஸ்பீடு 400. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஆர்டிஆர் 310. டியூக் அருமையான வண்டி, ஆனால் அந்த எஞ்சினைத் தினம் இரண்டு மணி நேரம் மேடவாக்கத்தில் கட்டிவைப்பது வண்டிக்கும் உங்களுக்கும் நல்லதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதை எடுத்துப் போவது என்பதற்கும் ஷைன் உதவும். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய அந்தப் பகுதியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏர் ஃபில்டர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். தண்ணீருக்குள் வண்டி அணைந்துவிட்டால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சாவியை அணைத்து, மேட்டுக்குத் தள்ளி, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். புது வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடும்போது 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஷோரூமில் தானாகச் சொல்ல மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன் பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.