டிப்ளோமா தொடங்குமுன் கம்ப்யூட்டரில் எதை முதலில் பழகுவது?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 43, பாலர் பள்ளியில் உதவியாளர், ஏப்ரலில் பகுதிநேர டிப்ளோமா தொடங்குகிறது. "வாட்ஸ்அப், யூடியூப், பேநவ் எல்லாம் கைபேசியில் நன்றாக வரும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் கை ஓடவில்லை. எந்த வகுப்பில் சேர்வது? வீட்டில் மகனுடைய பழைய லேப்டாப் இருக்கிறது, புதிது வாங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, பேநவ்வில் தைரியமாகப் பணம் அனுப்புகிறவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. கைபேசி உங்களுக்குச் சொல்லித்தராத ஒன்று, ஃபைல் எங்கே இருக்கிறது என்பது. படம் எடுத்தால் கேலரியில் வந்து நிற்கும், நீங்கள் தேட வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரில் அது உங்கள் பொறுப்பு, அதனால் முதல் இரண்டு வாரமும் இதை மட்டும் பழகுங்கள்.

பெரியவர்களுக்குக் கணினி கற்றுத்தருவது என் வேலை. ஒருமுறை ஒரு மாணவி இரவு பத்தே முக்காலுக்கு அழைத்தார். 11.59க்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும், எழுதி முடித்துவிட்டார், ஆனால் அதைக் காணவில்லை. எங்கே சேமித்தீர்கள் என்றேன். "வேர்டில்தான்" என்றார், அழும் குரலில். வேர்டு பேனா மாதிரி, எழுதியதைப் பேனாவுக்குள் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இணையத்திலிருந்து இறக்கியவை சேரும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன், முதல் வரியிலேயே இருந்தது. ஆசிரியர் அனுப்பிய மாதிரித் தாளை இறக்கித் திறந்து அதிலேயே எழுதியிருக்கிறார், ஆசிரியர் வைத்த பெயரிலேயே கிடந்தது.

விண்டோஸ் சாவியையும் இ-யையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் ஜன்னலில் டாக்குமெண்ட்ஸ் போய், டிப்ளோமா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடத்துக்கு ஒன்று. வேர்டில் நாலு வரி எழுதி, 'சேவ் ஆஸ்' கொடுத்து, பாடக் குறியீடும் உங்கள் பெயரும் வைத்து அங்கே சேமியுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்பத் தேடித் திறந்து பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே அழித்து, அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டுப் பாருங்கள். கண்ட்ரோல் சாவியோடு இசட்டை அழுத்தினால் கடைசியாகச் செய்தது திரும்பும், கண்ட்ரோல் எஸ் சேமிக்கும். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் இப்படித்தான் போகும். மகன் உதவட்டும், ஆனால் மவுஸை அவர் தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தட்டச்சுக்குத் தினமும் 15 நிமிடம் போதும். எஃப், ஜே சாவிகளில் சின்ன மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துத் தொடங்குங்கள்.

கல்லூரியில் பாடக்குறிப்பு இறக்குவது, கட்டுரை ஏற்றுவது எல்லாம் கேன்வாஸ், பிரைட்ஸ்பேஸ் போன்ற ஏதாவது ஒரு தளத்தில் நடக்கும். ஏற்றிய பிறகு அதே இடத்தில் திறந்து, சரியான ஃபைல்தானா என்று பாருங்கள். டர்னிட்டின் என்ற மென்பொருள் உங்கள் வரிகளை இணையத்திலும் பழைய கட்டுரைகளிலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் காட்டும். மேற்கோளும் நூற்பட்டியலும் கூட அந்தச் சதவீதத்தைக் கூட்டிவிடும் என்பதால் எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம், எந்த வரி என்று பாருங்கள். யாருடைய வரி என்று சொல்லாமல் எடுத்து ஒட்டியிருந்தால் அது நிச்சயம் பிரச்சினைதான்.

கூகிளில் ஒரு சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். நீண்ட பக்கத்தில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க கண்ட்ரோல் எஃப். நூலகக் கணக்கு இருந்தால் தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். 25 வயதை எட்டிய குடிமக்களுக்கு அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்துக்கு 500 வெள்ளி உண்டு, 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி. இந்த 4,000 தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும்தான், உங்கள் டிப்ளோமா அதில் வருகிறதா என்று மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் பார்த்து, வந்தால் கட்டணத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொள்ள அதைக் கரைக்காதீர்கள், மனசு கேட்காமல்தான் சொல்கிறேன். அடிப்படைச் சந்தேகங்களுக்குச் சில நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் கைபேசி, கணினி பயன்படுத்தச் சொல்லித்தரும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகவே உதவுகிறார்கள். வேர்டை ஒழுங்காகப் பழக வேண்டுமென்றால் 500இலிருந்து எடுத்து ஒன்றிரண்டு நாள் வகுப்புக்குப் போகலாம்.

லேப்டாப்புக்கு அவசரமே இல்லை. மகனுடைய பழையது ஓடினால் அதிலேயே பழகுங்கள். வேர்டையும் இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டாம், பல கல்வி நிலையங்கள் மாணவர் மின்னஞ்சலோடு, வேர்டு அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365ஐயும் சேர்த்தே தருகின்றன. சேர்க்கைக் கடிதத்தோடு வரும் குறிப்பில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.