கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் சொத்து மதிப்பு எவ்வளவு? ஆட்டத்தை விட்ட பிறகும் எப்படிச் சம்பாதிக்கிறார்? மெஸ்ஸி மயாமி வந்ததில் அவருக்கு என்ன லாபம்?

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 2025-ல் பிரிட்டனின் சண்டே டைம்ஸ் வெளியிட்ட பணக்காரர் பட்டியலில் பெக்காம், அவர் மனைவி விக்டோரியா இருவருக்கும் சேர்த்து சுமார் 50 கோடி பவுண்டு என்று போட்டிருந்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் இது மதிப்பீடுதான். வங்கியில் கிடக்கிற பணம் இல்லை. கம்பெனிப் பங்குகள், வீடுகள், ஒரு கால்பந்து அணியில் உள்ள பங்கு எல்லாவற்றையும் வெளியில் இருந்து பார்த்துக் குத்துமதிப்பாகக் கூட்டியது. கூகுளில் தேடினால் வரும் 'சொத்து மதிப்பு' தளங்களை நம்பாதீர்கள். பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். போதாததற்கு, பெக்காம் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பரம எதிரியான லிவர்பூல் அணியின் ரசிகன். எனவே பெக்காமைப் புகழ எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய பணக்கதை எனக்குப் பிடிக்கும். அவரைவிடத் திறமையான ஆட்டக்காரர்கள் பலர் உண்டு. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அவர் அளவுக்குச் சம்பாதித்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வரிக்கு வருகிறேன்.

ஆட்ட வாழ்க்கை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1975-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கும் தொழிலாளி, அம்மா முடிதிருத்தும் வேலை செய்தவர். 1992-ல் மான்செஸ்டர் யுனைடெட் முதல் அணியில் தலைகாட்டினார். 1996-ல் விம்பிள்டன் அணிக்கு எதிராக மைதானத்தின் நடுக்கோட்டில் இருந்து அடித்த கோல் அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் சிமியோனியைக் காலால் தட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார், இங்கிலாந்து தோற்று வெளியேறியது. லண்டனில் ஒரு பப் வாசலில் அவருடைய உருவபொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த வருஷமே பிரீமியர் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் யுனைடெட் கையில். பார்சிலோனாவில் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கடைசி நிமிடங்களில் விழுந்த இரண்டு கோலும் இவர் அடித்த கார்னரில் இருந்து வந்தவைதான். 2001-ல் கிரீஸுக்கு எதிராக அடித்து இங்கிலாந்தை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோன ஃப்ரீ கிக் கோலோடு இங்கிலாந்து அவரை முழுசாக மன்னித்துவிட்டது.

இனி பணம். 1997 வாக்கில் அந்த ஜோடியில் பெரிய நட்சத்திரம் விக்டோரியாதான். அவர் பாடிய ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பாடகிகள் குழு உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. விளம்பரம், புகைப்படம், மேலாளர், வக்கீல் என்று அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பெக்காம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக் கற்றுக்கொண்டார் என்பது என் எண்ணம். 1999-ல் அயர்லாந்துக் கோட்டையில் நடந்த கல்யாணத்தின் படங்களை ஒரு பத்திரிகைக்குச் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

2002-ல் யுனைடெட்டோடு புது ஒப்பந்தம் போட்டபோது, வாரச் சம்பளம் ஒரு பக்கம், அவருடைய முகத்தையும் பெயரையும் கிளப் பயன்படுத்திக்கொள்வதற்கான தொகை இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்து வாங்கினார். இப்போது எல்லாரும் செய்கிறார்கள், அன்றைக்கு இங்கிலாந்தில் அது பெரிய செய்தி. 2003-ல் அடிடாஸ் அவரோடு வாழ்நாள் ஒப்பந்தம் போட்டது. அன்றைய செய்திகள் சொன்ன தொகை 16 கோடி டாலர். பெப்சி, வோடபோன், ஜில்லெட், பிறகு அர்மானி எல்லாம் இதற்கு மேல்.

அதே ஆண்டு 3.5 கோடி யூரோ விலையில் ரியல் மாட்ரிட் போனார். ஜெர்சி விற்றே அந்த விலையைக் கிளப் எடுத்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஜெர்சி விற்றால் பெரும்பங்கு தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் போகும், கிளப்புக்கு வருவது சிறு பங்கு. ரியலுக்கு வந்த லாபம் வேறு வழியில்: ஆசியச் சுற்றுப்பயணம், புது ஸ்பான்சர்கள், வீரர்களின் விளம்பர வருமானத்தில் கிளப் எடுத்துக்கொள்ளும் பங்கு.

சரி, இப்போது அந்த வரி. 2007 ஜனவரியில் அவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸிக்குப் போகிறார் என்று அறிவித்தார்கள். ஐந்து வருஷம், 25 கோடி டாலர் என்று தலைப்புச் செய்தி. அதில் உண்மையான சம்பளம் வருஷத்துக்கு 65 லட்சம் டாலர்தான். மீதியெல்லாம் விளம்பரத்திலும் பொருள் விற்பனையிலும் வரக்கூடும் என்று கூட்டிப்போட்ட கனவுக் கணக்கு. ஆனால் அந்த 65 லட்சமே அங்கே பெரிய பூகம்பம். எம்எல்எஸ் என்ற அந்த அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒரு முழு அணியின் சம்பள உச்சவரம்பே சுமார் 21 லட்சம் டாலர்! அவரோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்த இளம் வீரர்களில் சிலருக்கு வருஷச் சம்பளம் 13 ஆயிரம் டாலருக்கும் கீழே. இதற்காகவே உச்சவரம்புக்கு வெளியே ஒரு நட்சத்திரத்தை எடுக்கலாம் என்று லீக் புது விதி கொண்டுவந்தது. 'பெக்காம் விதி' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஆடி முடித்த பிறகு அவர் விரும்பினால், நியூயார்க் தவிர வேறு எந்த நகரத்திலும் லீக்கில் ஒரு புது அணி தொடங்கலாம். விலை 2.5 கோடி டாலர் என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள்.

இதை எழுதுகிற பலர், லீக் அவருக்கு அடிமாட்டு விலைக்கு அணியைத் தூக்கிக் கொடுத்தது போலச் சொல்கிறார்கள். அது தப்பு. அதே 2007-ல் புதிதாகச் சேர்ந்த டொரொன்டோ அணி கட்டிய நுழைவுத் தொகை 1 கோடி டாலர்தான். அதாவது பெக்காமுக்குச் சொன்ன விலை சந்தை விலையைப் போல இரண்டரை மடங்கு. கையெழுத்துப் போட்ட அன்று சிரித்திருக்க வேண்டியது லீக்காரர்கள். விலையைப் பூட்டிவைத்ததுதான் சூட்சுமம். 2009-ல் வந்த சியாட்டில் 3 கோடி கட்டியது. 2013-ல் நியூயார்க் சிட்டி 10 கோடி. 2019-ல் சார்லட் 32.5 கோடி. 2023-ல் சான் டியேகோ 50 கோடி. பெக்காம் 2014-ல் மயாமியில் அணி தொடங்குகிறேன் என்று வந்து நின்றபோதும் அவர் தர வேண்டியது அதே 2.5 கோடிதான். ஊரில் முன்பணம் எதுவும் தராமல் பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டு மனை பிடித்து வைத்தவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

அதற்காகச் சும்மா வந்த பணம் என்றும் சொல்ல முடியாது. ஸ்டேடியம் கட்ட இடம் கிடைக்காமல் படாதபாடு பட்டார்கள். துறைமுகத்தில் இடம் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஓவர்டவுன் பகுதியில் பார்த்தார்கள், அதுவும் இழுத்துக்கொண்டே போனது. லீக் 2018-ல்தான் அணியை முறையாக உறுதிசெய்தது. உள்ளூர்த் தொழிலதிபர்களான ஹோர்ஹே மாஸ், ஹோசே மாஸ் சகோதரர்கள் உள்ளே வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. கடைசியில் பக்கத்து ஊரான ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு ஸ்டேடியம் கட்டி, 2020 மார்ச் 1-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஆட்டம் ஆடினார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும் கொரோனா வந்து லீக்கே நின்றுபோனது. அப்புறம் ஒரு கூத்து: பிரெஞ்சு வீரர் மத்துய்டி உள்ளிட்ட சிலரின் சம்பளத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று 2021-ல் அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம். மீறியவற்றில் அந்தப் பெக்காம் விதியும் ஒன்று.

மயாமி தவிர இன்னொரு பெரிய வரவு 2022-ல் வந்தது. தன் பெயரை வைத்து நடக்கும் வியாபாரத்துக்காக அவர் வைத்திருந்த டிபி வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் 55 சதவீதத்தை ஆத்தென்டிக் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார். மர்லின் மன்றோ, எல்விஸ் பிரெஸ்லி, முகமது அலி போன்றவர்களின் பெயர் உரிமைகளை வைத்திருக்கும் நிறுவனம் அது. செய்திகளில் வந்த தொகை ஏறத்தாழ 20 கோடி பவுண்டு. அவர் ஆட்டத்தை நிறுத்தியது 2013-ல். கடைசியாக ஆடிய பாரிஸ் அணியில் சம்பளத்தைக் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார். அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, பெயருக்கு மட்டும் இந்த விலை.

எல்லாமே அழகான கதை இல்லை. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு விளம்பரத் தூதராக இருந்ததற்கு இங்கிலாந்தில் அவரைக் கிழித்தெடுத்தார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. 2025-ல் 'சர்' பட்டம் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ரொனால்டோவோடு ஒப்பிட்டுச் சிலர் கேட்பார்கள். 2025 அக்டோபரில் புளூம்பெர்க் ரொனால்டோவின் சொத்தை 140 கோடி டாலர் என்று கணக்கிட்டது. பெக்காம் அந்த உயரத்தில் இல்லை. ஆனால் ரொனால்டோவின் பணத்தில் பெரும் பகுதி காலால் ஓடிச் சம்பாதித்த சம்பளம், சவுதிச் சம்பளமும் சேர்த்து. பெக்காமுக்குச் சம்பளம் சிறு பகுதிதான்.

இனி மெஸ்ஸி. 2023 ஜூலையில் அவர் வந்தபோது பெக்காமின் மயாமி அணியான இன்டர் மயாமி லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஃபோர்ப்ஸ் அணியை மதிப்பிட்டது சுமார் 60 கோடி டாலர்; மறு ஆண்டே 100 கோடியைத் தாண்டிவிட்டது. வந்த வேகத்தில் லீக்ஸ் கோப்பை, 2025 டிசம்பரில் எம்எல்எஸ் கோப்பை. அந்த 100 கோடி முழுவதும் பெக்காமுடையது என்று நினைத்துவிடாதீர்கள். அணியை நடத்துவதும் பெருந்தொகை போட்டதும் மாஸ் சகோதரர்கள், பெக்காம் கூட்டாளிகளில் ஒருவர். அவர் பங்கு சிறியதாகவே இருந்தாலும், ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது 2.5 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தில் எழுதிய அந்த ஒரு வரி மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. மெஸ்ஸியின் ஆட்களும் அதை மறக்கவில்லை போலிருக்கிறது. சம்பளம், லீக் ஆட்டங்களை ஒளிபரப்பும் ஆப்பிள், அடிடாஸ் வழியாக வரும் பங்கு இவற்றோடு, பின்னாளில் இன்டர் மயாமியில் பங்கு வாங்கும் உரிமையையும் அவர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.